அமைதியான தெருவில் வீடு வாங்க, விற்க: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் நல்ல தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தால் வாசலில் போர்டு தொங்காது. விற்கிறோம் என்று வெளியே சொன்னால் 'என்ன கஷ்டமோ' என்று ஊர் பேசும், அந்தக் கூச்சம்தான். சேதி தண்ணீர் வண்டிக்காரர் மூலமாகக் கசியும், மளிகைக் கடையில் கசியும், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் காதோடு சொல்வார். அதனால்தான் இங்கே வீடு தேடுகிறவர்கள் தரகரை மட்டும் நம்பி அலைந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் பைபாஸ் ஓரத்திலும் உள்ள மனைகளையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நான் உச்சிப்புளிப் பக்கம் அப்பா வீட்டை விற்று, ராமநாதபுரம் டவுனுக்குள் ஒரு வீடு வாங்கினேன். விற்றதிலும் அடி, வாங்கியதிலும் அடி. அதில் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். ராமநாதபுரம், கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் தெரு, அப்புறம் வீடு

பிடித்த தெருவை முடிவு செய்துவிட்டு அங்கே வீடு வரும்வரை காத்திருப்பதுதான் இங்கே சரியான வழி. தெருவை ஒரு தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது. காலையில் தண்ணீர் வரும் நேரத்துக்கு ஒரு தடவை போங்கள். குழாயடியில் சண்டை நடக்கிறதா, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தாலே தெரு எப்படி என்று பாதி தெரிந்துவிடும். இரவு 9 மணிக்கு ஒரு தடவை போங்கள். மூன்றாவதாக, அமாவாசை அன்று போங்கள். சும்மா சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்திலும் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் கூடும் கூட்டத்தில், மற்ற நாளெல்லாம் கோழி மட்டும் மேயும் சந்தில்கூட வேன் நிற்கும். ஏர்வாடியில் சந்தனக்கூடு சமயத்திலும் அப்படித்தான். வருடத்தில் நாலு நாள்தானே என்று நீங்கள் நினைத்தால் சரி, அது உங்கள் இஷ்டம். தெரிந்து வாங்கினால் போதும்.

ராமேஸ்வரத்தில் இன்னொரு சங்கதி. குடும்பங்கள் இருந்த தெருவில் ஒரு வீடு லாட்ஜாக மாறினால், கொஞ்ச நாளில் அடுத்ததும் மாறும். செப்டிக் டேங்க் நிரம்பி வழியும், நடுராத்திரியில் சூட்கேஸ் சக்கரம் கடகடக்கும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு கோயிலைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்கள் எல்லாம் லாட்ஜ் விலைதான் சொல்கிறார்கள். குடியிருக்க வீடு தேடுகிறவர் அந்த விலையைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

காற்றையும் கேளுங்கள். ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் வீட்டைப் பார்த்துவிட்டு 'ஆஹா' என்று வாங்கியவருக்கு, ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று திரும்பியதும் வடக்கே கருவாடு காயப்போடும் களத்தின் வாசம் படுக்கையறைக்கே வரும். களம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கடற்கரை வரை நடந்து பார்த்துவிடுங்கள்.

தண்ணீரும் உப்பும்

இதை நான் பத்திரத்துக்கு முன்னால் வைக்கிறேன். வக்கீல்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவில் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, மோட்டார் போடாமல் தொட்டிக்கு ஏறுகிறதா என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். விற்கிறவருக்கு எப்போதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும்.

போர் தண்ணீரைச் சோதிக்க மீட்டர் வேண்டியதில்லை. ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவரம்பருப்பு வேகவையுங்கள். நாலு விசிலுக்கும் பருப்பு முழித்துக்கொண்டு நின்றால் தண்ணீர் கடினம். சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் தட்டில் வெள்ளை படியும், ஷவர் ஓட்டை ஆறு மாதத்தில் அடைக்கும். இந்தப் பக்கம் பல இடங்களில் கொஞ்ச ஆழத்தில் கிடைக்கும் ஊற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும், ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். 'நானூறு அடி போர்' என்று பெருமையாகச் சொன்னால் நீங்கள் பெருமைப்பட வேண்டாம். மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் பல வீடுகளில் குழாய் இறங்கி வந்து தெருச் சாக்கடையில்தான் முடிகிறது.

அடுத்து கட்டடம். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஒரு கம்பை எடுத்துக்கொண்டு எல்லா அறையிலும் மேற்கூரையைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று உள்ளே வெற்றாக இருப்பது மாதிரி சத்தம் வந்தால் அந்த இடம் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சன்ஷேடின் அடிப்பக்கமும் குளியலறைக் கூரையும்தான் முதலில் போகும். சுவரின் அடிப்பகுதி மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே உப்பு பொரிந்து மாவாக உதிரும். கட்டியது கடற்கரை மணலா ஆற்று மணலா என்று கொத்தனாரைத் தேடிப்பிடித்துக் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. ஊரில் அவர் இருப்பார்.

பழைய சுண்ணாம்புச் சாந்து வீடுகளைப் பார்த்து ஒதுங்காதீர்கள். கீழக்கரைப் பக்கம் முற்றமும் தூணும் வைத்த வீடுகள், இருபது வருடத்துக் கான்கிரீட் வீட்டைவிட உப்பை நன்றாகத் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றில் சுவர் பொதுச்சுவரா என்பதுதான் முதல் கேள்வி.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நான் அடிபட்டது இங்கேதான். வீடு பார்க்கப் போனபோது ஒரு குடும்பம் இருந்தது. 'வாடகைக்கு இருக்காங்க, சொன்னா ஒரு மாசத்துல காலி பண்ணிருவாங்க' என்றார் விற்பவர். சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தம். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஒரு வாரம் கழித்து அளவெடுக்கப் போனபோது அந்த வீட்டு அம்மா டீ கொடுத்துக்கொண்டே, 'நாங்க வாடகை இல்ல தம்பி, ஒத்திக்கு இருக்கோம்' என்றார். நாலு லட்சம். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு, பீரோவில் துணிக்கடைப் பைக்குள் வைத்திருந்தார்கள். பதிவு செய்யவில்லை, அதனால் வில்லங்கத்தில் வரவில்லை. அந்த நாலு லட்சத்தை விற்பவர் புரட்டிக் கொடுத்து அவர்கள் வேறு வீடு பார்த்துப் போவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஒத்தி என்பது நம் பக்கத்தில் மூச்சுவிடுவது மாதிரி சாதாரணம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. சட்டப்படி அது பதிவு செய்ய வேண்டிய அடமானம். பெரும்பாலும் செய்வதில்லை. ஆனால் பதிவில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார் என்றால், எந்த உரிமையில் இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு என்றே சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஆகவே அட்வான்ஸுக்கு முன்னால் குடியிருப்பவரிடம் நேராகப் பேசுங்கள், விற்பவர் பக்கத்தில் இல்லாதபோது. ஒத்தி என்றால், அந்தப் பணத்தை உங்கள் கிரயத் தொகையிலிருந்து நேரடியாக அவருக்கே கொடுத்து, ஒத்திப் பத்திரத்தின் பின்புறம் 'பணம் வரப்பெற்றேன்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடம் பாருங்கள். கணினியில் இல்லாத பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். சர்வே எண்ணை மட்டும் போட்டுப் பார்க்காமல், உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பழைய எண்ணையும் போட்டுப் பாருங்கள். நகராட்சிப் பகுதி என்றால் நகர நில அளவையில் வார்டு, பிளாக், எண் எல்லாம் வேறாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

பட்டா, சிட்டா, புலப்பட வரைபடம் மூன்றும் வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கும். அங்கே அளவு ஹெக்டேர் கணக்கில் இருக்கும், பழைய பத்திரத்தில் ஜாதியடி என்று அடிக் கணக்கில் இருக்கும். குழம்ப வேண்டாம். பட்டாவில் 0.01.21 என்று இருந்தால் 121 சதுர மீட்டர், ஏறக்குறைய 1,302 சதுர அடி, மூன்று சென்டுக்கு ஒரு பொட்டு குறைவு. பத்திரத்தில் 'கிழமேலடி 24, தென்வடலடி 54' என்று இருந்தால் 1,296. இந்த ஆறடி வித்தியாசம் பரவாயில்லை. நூறு சதுர அடி இடித்தால் சர்வேயரை வைத்து அளக்காமல் நகராதீர்கள். பத்திரத்தின் நான்கு எல்லையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடங்கள். 'வடக்கே பொதுச் சந்து' என்று எழுதியிருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார்.

ஊர்ப்பக்கம் வீடுகள் பல நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கு என்று ஒதுக்கிய நிலத்தில் இருக்கும். நத்தம் பட்டாவில் தோராயப் பட்டா, தூய பட்டா என்று இரண்டு உண்டு. தோராயப் பட்டா இறுதியானதல்ல. ஊரணிக் கரையை ஒட்டிய வீடென்றால் கிராமத்து நிலமெல்லாம் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் பாருங்கள், புறம்போக்கில் கால் நீட்டியிருக்கலாம்.

ராமேஸ்வரத்திலும் பழைய சமஸ்தான நிலங்கள் உள்ள இடங்களிலும் 'அடிமனை யாருடையது' என்ற கேள்வியை விடவே கூடாது. மனை கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமாக இருந்து, கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது என்றால் விலை வேறு, தலைவலி வேறு. அப்படிப்பட்ட நிலத்தைக் கிரயம் பதிய, பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை வைத்திருக்கிறது. வீட்டு வரி ரசீது விற்பவர் பெயரில் இருப்பது மனை அவருடையது என்பதற்குச் சாட்சியல்ல. புதிதாகப் போட்ட மனைப்பிரிவு என்றால் அங்கீகாரம் உண்டா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகவே பதிவானதா என்று பார்க்க வேண்டும்.

பங்கு விஷயம் இன்னும் பெரியது. இறந்தவர் பெயரில் உள்ள வீடென்றால் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகளோடு இறந்தவரின் தாய்க்கும் சமபங்கு உண்டு. பலர் மறப்பது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாட்டியைத்தான். முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று, பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் பங்கு. கீழக்கரையில் மகளுக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதால், வீடு பெரும்பாலும் பெண்கள் பெயரில் இருக்கும். பேரம் பேச வருவது மாப்பிள்ளையாகவோ காக்கா என்று அவர்கள் கூப்பிடும் அண்ணனாகவோ இருந்தாலும் உரிமைக்காரர் உள்ளே இருக்கும் அந்த அம்மாதான். அவர் சம்மதத்தை அவர் வாயாலேயே கேளுங்கள். மைனர் பிள்ளைக்குப் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் பங்குதாரர், தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட பவர் கொடுப்பார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். கிரயத்தன்று அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். பவர் பத்திரத்தையே கிரயம் மாதிரி எழுதி வாங்கி வீட்டில் குடியேறுவது மட்டும் வேண்டாம். அது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

கடலுக்கு எத்தனை அடி?

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தேவிபட்டினத்தில் கடலோரம் வாங்கினால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கடல் ஏற்றத்தின் உச்சக் கோட்டிலிருந்து தூரம் கணக்கிடுவார்கள். கிராமப்புறத்துக்கு ஒரு அளவு, நகரத்துக்கு வேறு அளவு. 2011, 2019 அறிவிக்கைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. இருக்கிற வீட்டில் குடியிருப்பது ஒன்று, இடித்துவிட்டு மாடி கட்டுவது வேறு. 'அப்புறம் இடிச்சுக் கட்டிக்கலாம்' என்று தரகர் சொன்னால், முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

விலை, அட்வான்ஸ்

விலை பேச ஒரே நல்ல வழி, அதே தெருவில் கடைசியாக விற்ற வீட்டின் கிரயத்தைத் தெரிந்துகொள்வது. பத்திரத்தில் காட்டிய விலையை நம்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் விற்றவரின் மச்சானைப் பிடியுங்கள்.

மீனவர் குடும்பங்கள் அதிகமுள்ள ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கையில் காசு ஓடாது. அப்போது அவசர விற்பனை வரும். அந்த அவசரத்தை வைத்து அடிமாட்டு விலை கேட்பவர்களும் உண்டு. அடுத்த முப்பது வருடம் அதே தெருவில் முகம் பார்க்க வேண்டியவர் அதைச் செய்யாமலிருப்பது நல்லது.

கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதலே சட்டம். முழு விலை, கொடுத்த அட்வான்ஸ், கெடு, ஒத்தியோ வாடகையோ காலி செய்து தரும் பொறுப்பு, இதெல்லாம் அதில் இருக்கட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கை மாறக் கூடாது. வாங்கிக்கொண்டவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரும். தரகு எவ்வளவு, யார் தருவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பதிவு அலுவலக வாசலில் பேசினால் கூச்சல்தான்.

பதிவு நாள்

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு வாங்கினால் 3 லட்சத்து 60 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் கணக்கு அதன்படி போகும். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. கட்டடத்தை மறைத்துக் காலி மனை என்று எழுதும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நேரில் பார்க்க வருவார்கள்.

50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கதையே வேறு. 50 லட்சம் என்ற வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டிய விகிதமும் பெரிது. நாலு பங்கில் ஒரு பங்கு துபாய் தம்பியுடையது என்றாலும் அந்தப் பங்குக்கு இது உண்டு. பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் வருவது உங்களுக்கு, தம்பிக்கு அல்ல. ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பணத்தைப் போடுங்கள்.

விற்கிறவர்களுக்கு

அப்பா வீட்டை விற்கும்போது நான் செய்த தப்பு, ஆள் வந்த பிறகு காகிதம் தேடியது. அத்தையின் கையெழுத்து 30 வருடத்துக்கு முன் வாங்க வேண்டியது. பாகப்பிரிவினையை வாய்ப்பேச்சில் முடித்திருந்தார்கள். அத்தை நல்லவர், கையெழுத்துப் போட்டார். அவர் மகன் ஒரு மாதம் யோசித்தான். வாங்க வந்தவர் அந்த ஒரு மாதத்தில் வேறு வீடு பார்த்துவிட்டார். ஆகவே விற்பது என்று மனதில் தோன்றிய அன்றே வாரிசுகளைப் பேசி, அவரவர் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பட்டாவை ஒரு பெயருக்குக் கொண்டுவாருங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்குத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு, கிரயம் அளவுக்குச் செலவாகாது. வங்கிக் கடன் இருந்தால் முடித்து, அடமான ரத்து வில்லங்கத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

உப்பு பொரிந்த சுவருக்குப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். நகத்தால் சுரண்டுகிறவர்கள் வருவார்கள், சற்று முன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் காசில் மோட்டாரையும் தொட்டியையும் சரிசெய்து குழாயைத் திறந்து காட்டினால் விலை நிற்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. சில தெருக்களில் 'நம்ம ஆளுக்குத்தான் கொடுக்கணும்' என்று பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். உங்கள் சொத்தை யாருக்கு விற்பது என்று தடுக்க அவர்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எழும் என்றால் அட்வான்ஸுக்கு முன்னால் எழட்டும். பணம் வாங்கிவிட்டு, புதிதாகக் குடிவரும் குடும்பத்தின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

சாவி வாங்கிய பிறகு

உட்பிரிவு இல்லாத முழு மனை என்றால் பதிவோடு பட்டா தானாகவே மாறும். மாறியதா என்று இணையத்தில் பாருங்கள். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், பின்னாலேயே நில்லுங்கள். மின் இணைப்பு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய பாக்கி எவ்வளவு என்று பதிவுக்கு முன்பே கேட்டுவைத்திருந்தால் இப்போது முகம் சுளிக்க வேண்டியிருக்காது. தண்ணீர் வண்டிக்காரரிடம் உங்கள் நம்பரைக் கொடுங்கள். குடிவந்த மறுநாள் அவர் எனக்கு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பழைய வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன பாக்கி, முப்பத்தெட்டு குடம்.